பாடிப் பார்த்து அச்சேற்றுங்கள்

இசுலாமியத் தமிழ்ப் பாட்டுக்கு இதழ் தொடங்கும் கோட்டக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கச்சிகளே,

நம் இசுலாமியத் தமிழ்ப் பாட்டுக்கென்றே ஒரு மாத இதழ் கொண்டுவரப் போகிறோம், வடிவமைப்புக்கு யோசனை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். கொடுத்துவிட்டுப் போன மாதிரிப் பக்கங்களை நிதானமாகப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் அதை வைத்து ஒரு பாட்டைக்கூட என்னால் பாட முடியவில்லை. எழுத்து சாய்ந்து கிடக்கிறது, அதன் பின்னால் பள்ளிவாசல் படம் மங்கலாக ஓடுகிறது, இரண்டாம் சரணம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. பாண்டிச்சேரியிலும் திண்டிவனத்திலும் ஈய எழுத்துக் காலத்திலிருந்து பக்கம் கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் தேடி எடுக்க வசதியாக எண் போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை.

1. கணினியைத் திறப்பதற்கு முன்னால், நம் பாட்டு இதுவரை எந்தெந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது என்று தேடிச் சேருங்கள். மீலாது விழா நோட்டீஸ், கந்தூரிக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகம், பாடகர் நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டு உறை, ஒலிநாடாப் பெட்டிக்குள் மடித்து வைத்த அட்டை, கல்யாண வாழ்த்துப்பா என்று எல்லாம் வேண்டும். வீட்டுப் பரணில் கிடக்கும். பெரியவர்களிடம் கேளுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உலகத்தில் பேர் வாங்கிய இசை இதழ்கள் பல தங்கள் தோற்றத்தைத் தங்கள் இசையின் அக்கம்பக்கத்திலிருந்துதான் எடுத்தன. 1976இல் லண்டனில் பங்க் இசைக்காக வந்த 'ஸ்னிஃபின் க்ளூ' தட்டச்சு எழுத்தும் பேனாக் கிறுக்கலுமாக நகலெடுத்துக் கொடுக்கப்பட்டது. கையில் காசில்லை, அந்த இசைக்கும் மெருகு தேவைப்படவில்லை. 1981இல் ஹெவி மெட்டலுக்கு வந்த 'கெராங்' தன் பெயரையே கிட்டார் எழுப்பும் ஓசையிலிருந்து எடுத்தது, பெயரின் எழுத்துகளை விரிசல் விட்ட கண்ணாடிபோல் வரைந்தது. அந்த விரிசலை நீங்கள் எடுத்துவந்து முனாஜாத்துப் பக்கத்தில் போட்டால் யாருக்கு என்ன புரியும்? நமக்கென்று இருப்பது பாட்டுப் புத்தகமும் விழா நோட்டீஸும்தான். அங்கிருந்து தொடங்குங்கள்.

2. பாட்டுப் பக்கம்தான் உங்கள் இதழ். கட்டுரை, பேட்டி, விழாச் செய்தி எல்லாம் அதைச் சுற்றி வருபவை. அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாட்டு எந்த வகை என்று பார்த்துப் பக்கத்தைப் பிரியுங்கள். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இருப்பது 5027 விருத்தங்கள். விருத்தத்தின் அடி நீளமானது. அதை இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தில் திணித்தால் ஒவ்வொரு அடியும் உடைந்து கீழே தொங்கும், படிப்பவர் எங்கே மூச்சு விடுவது என்று தவிப்பார். விருத்தத்துக்கு முழு அகலம் கொடுங்கள். குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகள் இரண்டிரண்டு அடியாக வருபவை. ஒரு கண்ணியின் முதல் அடி ஒரு பத்தியின் அடியிலும் இரண்டாம் அடி அடுத்த பத்தியின் தலையிலும் நிற்கவே கூடாது. அதற்காகப் பக்கத்தின் அடியில் வெற்றிடம் விட வேண்டி வந்தால் விடுங்கள். காசிம் புலவரின் திருப்புகழ்போல் சந்தப் பாட்டு என்றால் சந்தம் திரும்பும் இடத்தில் வரியை மடக்குங்கள். தாள் முடிகிறதே என்று நடுவில் மடக்காதீர்கள். மேடைப் பாட்டுகள் குட்டி வரிகளாக வரும். அவற்றை மட்டும் இரண்டு பத்தியாகப் போடலாம்.

தலைப்புக்குக் கீழே ராகம், தாளம் தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் மெட்டையும் போடுங்கள். இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த மெட்டை அறிந்தவர் உடனே பாடத் தொடங்கிவிடுவார். பழைய பாட்டுப் புத்தகக்காரர்கள் இதை ஒரு தடவைகூட விட்டதில்லை. சினிமா மெட்டில் எழுதப்பட்ட மார்க்கப் பாட்டு ஏராளம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பதைப் பாட்டைவிடச் சிறிய எழுத்தில் குறியுங்கள். தொகையறா இருந்தால் உள்தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவியின் முதல் சொல்லை அடைப்புக்குறிக்குள் போடுவது நம் வழக்கம். பல்லவிக்குத் திரும்பு என்று பாடகருக்கு அது சொல்கிறது. இடம் போதவில்லை என்று உங்கள் மாதிரியில் அதை எடுத்துவிட்டிருக்கிறீர்கள். திரும்பச் சேருங்கள். கூட்டமாகச் சேர்ந்து பாட வேண்டிய அடியைத் தடித்த எழுத்தில் போட்டால் பைத் சபையில் பிள்ளைகளுக்கு உதவும்.

பாட்டுக்கு அடியில் எந்தப் படமும் ஓடக் கூடாது. ஒரு பாட்டு எதிரெதிராக விரியும் இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். தஃப் அடித்துக்கொண்டு பாடுபவர் எந்தக் கையால் பக்கம் திருப்புவார்?

3. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. ஆங்கில இதழ்கள் தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டும் மிடுக்கை நாம் அளவாலும் தடிமனாலும்தான் கொண்டுவர வேண்டும். மேல் விலங்கும் கீழ் வளைவும் மோதாமல் இருக்க வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். உடல் எழுத்து 10.5 புள்ளி என்றால் வரிக்கு வரி 15 புள்ளியாவது வேண்டும். பாட்டுக்கு 12க்கு 18 வையுங்கள், ஏனென்றால் அதை மடியில் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பார்கள். பாட்டை இருபுறமும் சமப்படுத்தாதீர்கள், இடப்பக்கம் மட்டும் ஒட்டட்டும்.

எழுத்துரு வாங்கும்போது ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் பெரிதாக்கிப் பாருங்கள். நம் இதழில் இவை வரிக்கு வரி வரும். சில எழுத்துருக்களில் இவை மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரியும். இன்டிசைனில் வேலை செய்பவர்கள் 'வேர்ல்டு ரெடி' கம்போசரைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எல்லாவற்றையும் யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து வைத்தால் பிற்பாடு ஒரு பாட்டைத் தேடி எடுக்க வழியில்லை.

1994இல் அமெரிக்காவின் 'ரே கன்' இதழில் டேவிட் கார்சன் ஒரு பேட்டி முழுவதையும் எழுத்துக்குப் பதிலாகக் குறிகளால் நிரப்பி அச்சிட்டார். துணிச்சலான காரியம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். நம் வாசகர் இதழைப் பிரிப்பது பாடுவதற்கு. அந்தத் துணிச்சல் நமக்கு வேண்டாம்.

4. பழைய புத்தகத்திலிருந்து பாட்டை எடுத்து அடிக்கும்போது கவனம். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை எல்லாம் வேறு வடிவம். இளையவர்கள் அவற்றைத் தவறாக வாசிக்கிறார்கள், ஸ்கேன் செய்து எழுத்தை எடுக்கும் செயலிகளும் தடுமாறுகின்றன. அந்த எழுத்து தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று பல எழுத்து முறைகள் உண்டு. கட்டுரைகளுக்கு ஒன்றை முடிவு செய்து பட்டியல் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டுக்குள் கை வைக்காதீர்கள். புலவர் 'அகம்' என்பதற்கு எதுகையாக 'முகம்மது' என்று எழுதியிருப்பார். நீங்கள் அதைத் திருத்தி ஹ போட்டால் எதுகை செத்துவிடும்.

5. அட்டை. நபிமார்கள், சஹாபாக்கள் உருவம் எந்த வடிவிலும் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். பாடகர், கருவி, ஊர், எழுத்து ஆகிய நான்கு வழிதான் மீதி. பாடகர் என்றால் அவர் பாடும்போது எடுத்த படத்தைப் போடுங்கள். ஸ்டுடியோவில் உட்கார வைத்து எடுத்த முகம் அடையாள அட்டைக்குத்தான் ஆகும். பெண்களும் பாடுகிறார்கள். நம் வீடுகளின் தாலாட்டை அவர்கள்தான் இத்தனை காலம் காப்பாற்றினார்கள். ஒரு வருடத்து அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர்கள் அதில் இருக்க வேண்டும்.

கட்டடம் வரைவதானால் நம் கட்டடத்தை வரையுங்கள். உங்கள் மாதிரியில் இருப்பது துருக்கிக் குவிமாடம், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படம். நாகூர் தர்காவுக்கு ஐந்து மினாராக்கள், அடுக்கடுக்காக மேலே போகப் போகச் சிறுத்துச் செல்பவை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல் தூண் நிறுத்திக் கட்டிய பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. அந்தத் தூண்களின் செதுக்கலில் பூவும் கொடியும் கோலமும் எத்தனை! பேருந்து ஏறிப் போய்ப் படம் எடுத்து வாருங்கள். ஓரக் கரைக்கும் பகுதித் தலைப்புக்கும் பல வருடத்துக்கு ஆகும்.

கிட்டார், கீபோர்டு படங்களை நாகரிகம் கருதி அட்டையில் போடாதீர்கள். தஃப் தவிர வேறு கருவி கூடாது என்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களும் பாட்டை நேசிப்பவர்கள்.

6. பச்சையைக் குறையுங்கள். கடையில் தொங்கும் மார்க்க இதழ்கள் எல்லாம் பச்சை, அவற்றுக்கு நடுவே உங்களுடையது கண்ணில் படாது. மலிவுத் தாளில் கரும்பச்சை சேறாகிவிடும் என்பது இன்னொன்று. 1950களின் நடுவிலிருந்து 'ப்ளூ நோட்' நிறுவனத்தின் ஜாஸ் இசைத்தட்டு உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸ் பல உறைகளைக் கருப்பும் இன்னொரு நிறமுமாகவே முடித்தார். ஒரு நல்ல கருப்பு வெள்ளைப் புகைப்படம், பெரிய எழுத்து, ஒரே ஒரு நிறம், அவ்வளவுதான். செலவும் குறைவு. மாதம் ஒரு நிறத்தை மாற்றுங்கள், ரபியுல் அவ்வலுக்குப் பச்சையை வைத்துக்கொள்ளுங்கள்.

7. குர்ஆன் வசனத்தை அரபியில் அச்சிடாதீர்கள். இதழ் கடைசியில் எடைக்குப் போகும், பஜ்ஜி மடிக்கப் போகும், காலடியில் கிடக்கும். பொருளைத் தமிழில் சொன்னால் போதும். நபிகள் பெயருக்குப் பின் (ஸல்) போடுவது கட்டுரையில் கட்டாயம். பாட்டு வரிக்குள் அது வந்தால் ஓசை முட்டும் என்பதால் எப்படிக் குறிப்பது என்று ஆலிம்களிடம் ஒருமுறை கேட்டு முடிவு செய்து, எல்லா இதழிலும் அதையே பின்பற்றுங்கள்.

8. பெயர் போடுங்கள். பாடியவர் பெயர்தான் ஊருக்குத் தெரிகிறது. எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் பெயர் ஒலிநாடா அட்டையோடு போய்விட்டது. நாகூர் ஹனிபா 2015இல் மறைந்தபோது அவர் பாட்டுகளை வீட்டுக்கு வீடு ஒலிக்கவிட்டார்கள். நாகூர்ப் புலவர் ஆபிதீன் அவருக்கு எழுதியவர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? பாடலாசிரியர் பெயரைத் தலைப்புக்கு அடுத்தே, பாடகர் பெயரின் அளவிலேயே போடுங்கள். வடிவமைப்பில் நான் உங்களிடம் பிடிவாதமாகக் கேட்பது இது ஒன்றைத்தான்.

அனுமதியும் இதில் அடங்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு வரை பாட்டு அவர் குடும்பத்துக்கோ உரிமை வாங்கியவருக்கோ சொந்தம். மஸ்தான் சாகிபையும் உமறுப்புலவரையும் யாரும் அச்சிடலாம். ஒலிநாடாக் காலத்துப் பாட்டுக்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

9. ஸ்வரக் குறிப்பு போட விரும்பினால் மாதம் ஒரு பாட்டுக்கு மட்டும் போடுங்கள், ஆனால் சரியாகப் போடுங்கள். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அச்சானபோது கமகத்துக்கென்று தனிக் குறிகளையே ஏற்படுத்தி அச்சேற்றினார்கள். மேல் புள்ளி, கீழ்ப் புள்ளி, தாளக் கோடு இடம் மாறினால் பாட்டே மாறிவிடும். அதைச் செய்ய ஆள் கிடைக்கும்வரை க்யூ.ஆர். குறியைப் பாட்டின் ஓரத்தில் வைத்து, கேட்டுக்கொள்ளச் சொல்வது நேர்மை.

10. தாள் கணக்கு: 32 பக்கமும் ராப்பரும் போதும். இரண்டு 16 பக்க ஃபாரம், நடுவில் பின். உள்ளே 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ. பளபளப்புத் தாளில் மேடை விளக்கு பட்டால் எழுத்து தெரியாது. கருப்பு எழுத்தைக் கருப்பு மையில் மட்டும் விடுங்கள், நான்கு நிறமும் கலந்த கருப்பு என்றால் தகடு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகும். வளைகுடாவிலும் பிரான்சிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கைபேசியில்தான் படிப்பார்கள். அவர்களுக்குப் பாட்டுப் பக்கங்களை ஒற்றைப் பத்தியாகத் தனியே கட்டிக் கொடுங்கள்.

11. இதழின் மாதம் பிறைக் கணக்கோடு போகட்டும். பிறை ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு, எனவே அட்டையில் இரண்டு தேதியும் வேண்டும். ரபியுல் அவ்வல் இதழ் மீலாது மேடைகளுக்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். நாகூர்க் கந்தூரிக்கு ஜமாதுல் ஆகிர் பிறப்பதற்குள், ரமலானுக்கு ஷஅபான் முடிவதற்குள். சஹருக்கு எழுப்பிப் பாடிவரும் பக்கீர்கள் பற்றி ஒரு ரமலான் இதழாவது செய்யுங்கள். தாயிரா அடித்துப் பாடுபவர்கள் தெருவுக்குத் தெரு குறைந்துகொண்டு வருகிறார்கள்.

12. மெய்ப்பு திருத்துபவரிடம் கொடுத்த பிறகு பாடத் தெரிந்த ஒருவரிடமும் கொடுங்கள். அவர் எழுந்து நின்று தாளைக் கையில் பிடித்து முழுப் பாட்டையும் பாடட்டும். எங்கே தடுக்குகிறாரோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். எழுத்துப் பிழை இல்லாத பக்கத்திலும் வரி மடங்கிய இடம் தவறாக இருக்கும், அதைக் கண் பிடிக்காது. அது சரியான பிறகுதான் தகடு போடச் சொல்ல வேண்டும்.

13. 2024 மார்ச்சிலிருந்து பத்திரிகைப் பதிவுக்குப் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. பெயருக்கு ஒப்புதலும் பதிவும் இணையவழியே நடக்கின்றன. ஆசிரியர், வெளியிடுபவர், அச்சகம் விவரம் ஒவ்வொரு இதழிலும் இருக்க வேண்டும். அதைக் கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிக்காமல், இரண்டாம் பக்கத்தில் எட்டுப் புள்ளியில் போடுங்கள். பாட்டுப் புத்தகங்கள் போன வழியில் இதழும் போகாமலிருக்க, சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி தவறாமல் அனுப்புங்கள். நம் ஊர் அஞ்சுமன் நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள், ஒன்று மேசைக்கு, ஒன்று ஆண்டு முடிவில் பைண்டு பண்ண.