யார் இந்த ‘யூ’? ஆங்கிலக் கட்டுரையும் நம் பிள்ளைகளும்

அன்பார்ந்த வர்த்தக சகோதரர்களே,

இப்படி அழைத்து ஆரம்பிப்பதுதான் நம்மவர் வழக்கம். சங்கக் கூட்டமானாலும் கல்யாண மஜ்லிஸானாலும் சபையோரை விளித்த பிறகே விஷயம் தொடங்கும். இதே வழக்கத்தை என் மகள் ஆங்கிலக் கட்டுரைக்குள் கொண்டு போனாள். கொண்டு போகச் சொன்னவன் நான்தான். அதனால் விளைந்ததையும், பிறகு நான் தெரிந்துகொண்டதையும் எழுதினால் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உங்களுக்கு உபயோகப்படும் என்று எண்ணுகிறேன்.

நான் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாதவன். கிள்ளானில் மளிகைக் கடை. என் ஆங்கிலம் கல்லாப்பெட்டி ஆங்கிலம். மகள் எஸ்.டி.பி.எம். படிக்கிறாள். ‘முவெட்’ எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலப் பரீட்சை அவளுக்கு எதிரே நிற்கிறது. 1999ல் தொடங்கிய இப்பரீட்சையை எழுதாமல் எஸ்.டி.பி.எம். பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழக வாசல் திறவாது. 2021ல் மாற்றப்பட்ட முறைப்படி எழுத்துத் தாளுக்கு 75 நிமிஷம். முதற் கேள்வி 100 வார்த்தைக்குக் குறையாத கடிதம் அல்லது மின்னஞ்சல். இரண்டாவது 250 வார்த்தைக்குக் குறையாத கட்டுரை. தகராறு இந்த இரண்டாவதில்தான்.

பழகிப் பார்க்க அவளுக்குக் கொடுத்த தலைப்பு, கடைகளில் பிளாஸ்டிக் பையை அறவே நிறுத்தலாமா என்பது. சிலாங்கூரில் 2017 ஜனவரி 1 முதல் பைக்கு 20 சென் வாங்கச் சொன்ன நாளாக இது நம் தொழில் சமாச்சாரமாயிற்றே! நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். “முதல்ல சபையைக் கூப்பிடும்மா. அப்புறம் கேள்வி மேல கேள்வி கேட்டு மடக்கு” என்றேன். அவளும் ‘டியர் ரீடர்ஸ்’ என்று தொடங்கி, உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே விஷம் கொடுக்கப் போகிறீர்களா, உங்களுக்கு மனசாட்சி இல்லையா என்று, ‘யூ’, ‘யுவர்’ என்பதாகவே ஒரு பக்கம் நிரப்பினாள். வாசித்துக் காட்டியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஹூ இஸ் யூ?’ என்று ஒரே கேள்வி. மார்க்கோ பாதிக்கும் கீழே.

“யூன்னா யாருன்னு கேட்டிருக்காங்க வாப்பா. நான் யாருன்னு சொல்றது?” என்றாள். வாசிக்கிறவர்தானே என்றேன். பள்ளியில் பெற்றோரை அழைத்த நாளன்று ஆசிரியையிடமே கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “வாசிக்கிறவள் நான்தான் பாய். என் பிள்ளைக்கு நான் எப்போது விஷம் கொடுத்தேன்?” என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

அன்று அவர் சொன்னதையும் பிறகு மகள் படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். மேடையில் பேசுகிறவனுக்கு எதிரே கூட்டம் இருக்கிறது. அதை அழைக்கலாம், அதட்டலாம், அழவும் வைக்கலாம். நம் பிள்ளைகள் தமிழில் பட்டிமன்றமும் பயானும் கேட்டு வளர்கிறார்கள். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் ‘ஷாராஹான்’ என்ற சொற்பொழிவும் எழுதப் பழகுகிறார்கள். ஆகவே வாதம் என்றாலே கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது என்று மனசில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலப் படிப்புக் கட்டுரையிலோ வாசகர் எதிரே இருக்கும் கூட்டமல்ல. நம் பக்கத்தில் அமர்ந்து அதே கணக்கைச் சரி பார்க்கும் கூட்டாளி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. அவர் மனசில் எழும் ஆட்சேபத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறையென்று யாரும் தலை குனிய வேண்டாம். 1998ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆங்கிலம் கற்கும் ஐரோப்பிய மாணவர்களே அமெரிக்க மாணவர்களைவிட ‘ஐ’, ‘யூ’ முதலியவற்றை மிகுதியாக எழுதுவது தெரிய வந்தது.

‘யூ’ என்பதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றே. போதாக்குறைக்கு ‘யாராயிருந்தாலும்’ என்ற பொருளிலும் அதையே போடுகிறார்கள். ‘யூ’வை எடுத்துவிட்டு ‘வீ’ போடலாமே என்றால் அங்கும் ஒரு குழி. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. மலாயிலும் ‘கித்தா’ வேறு, ‘காமி’ வேறு. கேட்பவர் உள்ளே இருக்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். ஆங்கிலத்தின் ‘வீ’ அதைச் சொல்வதில்லை. ‘வீ’ பையை நிறுத்த வேண்டும் என்று பிள்ளை எழுதினால், யார் அந்த ‘வீ’? கடைக்காரரா, மாணவரா, நாட்டு மக்கள் அனைவருமா? ‘ஷாப்கீப்பர்ஸ்’, ‘பேரண்ட்ஸ்’ என்று ஆளைச் சொல்லி எழுதினால் சந்தேகம் போயிற்று. எழுதும் முன்பு ‘நாமா, நாங்களா?’ என்று தமிழில் கேட்டுப் பார்க்கும்படி மகளிடம் சொன்னேன். இந்த ஒன்றுதான் நான் சொல்லிக் கொடுத்ததில் பலித்தது!

அடுத்தது உறுதியின் அளவு. ‘மஸ்ட்’, ‘ஆல்வேஸ்’, ‘எவ்ரிபடி நோஸ்’ என்று அடித்துச் சொன்னால் வாசகருக்கு யோசிக்க இடமில்லை. கென் ஹைலண்ட், ஜான் மில்ட்டன் என்ற இருவர் 1997ல் ஹாங்காங் மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளை அதே வயதுள்ள பிரிட்டிஷ் மாணவருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். ஹாங்காங் பிள்ளைகள் அளவு கடந்த உறுதியோடு பேசுவதும், ‘இருக்கலாம்’ என்று தணித்துச் சொல்லும் வகைகள் அவர்களிடம் சுருங்கியிருப்பதும் தெரிந்தது. இதை விளங்கிக்கொள்ள வியாபாரிக்குப் புத்தகம் வேண்டாம். “உலகத்திலேயே இதுதான் உயர்ந்த அரிசி” என்றால் வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போவார். “பிரியாணிக்கு இது தோதுப்படும், இட்லிக்கு வேண்டாம்” என்றால் மூட்டையாகவே எடுத்துப் போவார். ‘மே’, ‘டெண்ட் டு’ என்ற சொற்கள் செய்வது இந்த வேலையைத்தான். அதற்காக வரிக்கு வரி ‘இருக்கலாம்’ போட்டால், விலை கேட்டவருக்கு விலை சொல்லாத கடைபோல் ஆகிவிடும்.

இதைக் கேட்டு, ‘யூ’வையே தொடக்கூடாது என்று பிள்ளையை மிரட்டிவிடாதீர்கள். முதற் கேள்விக் கடிதத்தில் ‘யூ’ இல்லாமல் ஒரு வரியும் நகராது. சொற்பொழிவு எழுதச் சொன்னால் சபையை அழைக்கத்தான் வேண்டும். பெரிய பேராசிரியர்களும் ‘கன்ஸிடர்’, ‘நோட்’ என்று வாசகருக்குச் சிறு கட்டளை இடுகிறார்கள். இடமறிந்து கேட்ட ஒரு கேள்வி கட்டுரைக்கு அழகு. ஏழு கேள்வி போலீஸ் விசாரணை.

மகள் திரும்ப எழுதினாள். எழுதும்போது, “பையை நிறுத்தினா நம்ம கடைக்கு என்ன நஷ்டம் வாப்பா?” என்று கேட்டாள். காகிதப் பைக்கு ஆகும் கூடுதல் செலவையும், மீன், தயிர் வாங்குகிறவர் படும் சிரமத்தையும், பை இல்லையென்றதும் சாமானைக் கல்லாமேலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களையும் சொன்னேன். அவ்வளவையும் ‘இட் மே பி ஆர்கியூட்’ என்று தொடங்கி, சிறு கடைக்காரர் தரப்பாக, ஒன்றையும் குறைக்காமல் எழுதினாள். நானே சொன்னால்கூட அவ்வளவு ஒழுங்காக வந்திராது. அடுத்த பத்தியில், 20 சென் கேட்கத் தொடங்கிய பிறகு வீட்டிலிருந்தே பை கொண்டு வரப் பழகியவர்கள் எத்தனையோ பேர் என்று எழுதி, என் தரப்பைப் பாதி ஒப்புக்கொண்டு பாதி மறுத்திருந்தாள். ‘யூ’ ஒன்றுகூட இல்லை. ஆனால் முழுவதும் என்னைப் பார்த்தே எழுதியது போலிருந்தது. பதில் சொல்ல யோசித்தேன். மறுநாள் கடை திறக்கும் வரையில் ஒன்றும் தோன்றவில்லை.