அதலக்காய்க்கு ஜோடி எது?

ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் சந்தையில கூறு போட்டு விற்கிற குட்டிப் பச்சைக் காயைப் பார்த்திருப்பீங்க. பேரு அதலக்காய். பாகற்காய்க்குச் சொந்தக்காரன், அதே மொமோர்டிகா இனம். மெஸ்ல போட்டா முக்கால்வாசி தட்டு ஓரத்துக்குப் போயிடும். காரணம் ஒண்ணே ஒண்ணு: கசப்பு.

கசப்பைக் குறை சொல்றதை விட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல என்ன வைக்கணும்னு யோசிப்போம். ஐரோப்பாவுல இதை ஒரு பாடமாவே படிக்கிறாங்க. எந்தக் காய்க்கு எந்த ஒயின்னு பொருத்தம் பார்க்கிறப்போ அவங்களைத் திணறடிக்கிற பச்சைக் காய் ரெண்டு: ஆர்டிசோக், ஆஸ்பராகஸ். நாம ஒயினை விட்டுடுவோம், கணக்கை மட்டும் எடுத்துக்குவோம்.

காய் எப்படி ருசியை மாத்துது?

ஆர்டிசோக் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா சிலருக்குத் தண்ணியே இனிக்கும். 1972-ல் 'சயின்ஸ்' இதழில் லிண்டா பார்டோஷுக் குழு இதை ஆய்வுக் கட்டுரையாவே வெளியிட்டாங்க. நமக்கு இது புதுசு இல்ல, நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா என்ன ஆகும்னு சின்ன வயசுலயே தெரியும். ஆர்டிசோக்குக்கு அப்புறம் குடிக்கிற ஒயினும் அப்படித்தான் தேவையில்லாம இனிச்சு, அதோட சொந்த ருசி போயிடுது. ஆஸ்பராகஸ்ல பிரச்சினை கந்தகச் சேர்மங்கள். அது கூட சேர்ந்தா சில ஒயின் உலோகம் மாதிரி ருசிக்கும்.

ஆக முதல் பாடம்: வாய்க்குள்ள போன ஒரு பொருள், அடுத்து வர்ற பொருளோட ருசியை மாத்தும். அதலக்காயும் அப்படித்தான்.

விதி 1: கசப்புக்குத் துவர்ப்பைச் சேர்க்காதே

சிவப்பு ஒயின்ல டானின் அதிகம். கடுந்தேநீர்லயும் அதே டானின்தான். அது எச்சில்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கும், வாய் வறண்டு இழுக்கும். ஏற்கெனவே கசந்த நாக்குல இதுவும் சேர்ந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும். அதனால அதலக்காய் சாப்பிட்ட கையோட பால் இல்லாத டீ வேண்டாம்.

விதி 2: உப்பு, புளிப்பு, கொழுப்பு

நம்ம வாயில கசப்பை அறியுற ஏற்பி மட்டும் சுமார் 25 வகை இருக்கு. இனிப்புக்கு இவ்வளவு கிடையாது. விஷச் செடிகள்ல பல கசக்கும்ங்கிறதால உடம்பு இதுல ரொம்ப உஷார். அந்த உஷாரைத் தணிக்கிறதுல உப்பு கெட்டிக்காரன். உப்பு கசப்பை அடக்கி, மற்ற ருசியை மேலே கொண்டு வருதுன்னு பிரெஸ்லினும் போஷாம்பும் 1997-ல் 'நேச்சர்' இதழில் எழுதினாங்க.

புளிப்பு எச்சிலை ஊற வைக்கும், வாயைக் கழுவிவிடும். ஆஸ்பராகஸுக்குப் புளிப்புத் தூக்கலான சோவிஞான் பிளாங்க் மாதிரி வெள்ளை ஒயினைத் தேடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். நம்ம ஊர்ல அந்த வேலையைச் செய்றது உப்பு போட்ட மோர். உப்பு, புளிப்பு, கொஞ்சம் கொழுப்பு, மூணும் ஒரே டம்ளர்ல. கம்மங்கூழ், மோர், தொட்டுக்க அதலக்காய் வதக்கல்: கரிசக்காட்டுல இதை விடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

விதி 3: இனிப்பு, ஆனா அளவோட

பதநீர் நல்ல ஜோடியா இருந்திருக்கும். ஆனா ரெண்டுக்கும் பருவம் ஒத்துப்போகாது. பதநீர் கோடைக்கு, அதலக்காய் அடைமழைக்கு. நம்ம ஆளுங்க இதுக்கும் வழி வெச்சிருக்காங்க: பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிட்டா அது மழைக்காலம் வரைக்கும் தாங்கும். அதலக்காய்ப் புளிக்குழம்புல கடைசியா ஒரு சின்னத் துண்டு கருப்பட்டி போட்டா, கோடையும் மழையும் ஒரே சட்டியில சந்திச்சுக்கும்.

செய்முறை (ரூம்லயே செய்யலாம்)

காய் இளசா வாங்கணும், அன்னைக்கே சமைச்சிடணும். வெச்சிருந்தா பழுத்து வெடிச்சிடும். ரெண்டு முனையையும் கிள்ளிட்டு, முழுசாவே நல்லெண்ணெயில சின்ன வெங்காயத்தோட வதக்குங்க. உப்பு, மிளகாய்த்தூள், இறக்கும்போது வறுத்த நிலக்கடலைப் பொடி. அவ்ளோதான்.

இப்போ நாலு டம்ளர் எடுங்க: வெறும் தண்ணி, பால் இல்லாத டீ, உப்பு மோர், கருப்பட்டித் தண்ணி. ஒரு வாய் காய், ஒரு மடக்கு பானம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போடுங்க. நண்பனையும் தனியா போடச் சொல்லி, அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்க. கசப்பை உணர்றது ஆளுக்கு ஆள் மாறும், மரபணுவுக்கும் அதுல பங்கு உண்டு. அதனால ரெண்டு பேர் மார்க்கும் ஒத்துப்போகலைன்னா சண்டை வேண்டாம்.

இன்னொரு விஷயம். அதலக்காயை யாரும் பாத்தி கட்டி விதைக்கிறது இல்ல. கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும், மழை வந்தா தானா முளைச்சுக் கொடி விடும். காட்டுல பறிச்சுக் கொண்டு வந்து விற்கிறவங்களுக்கு அந்த ரெண்டு மூணு மாசம் கொஞ்சம் கைக்காசு. வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் அது காய். ஆள் இல்லாமப் போனா அதே கொடி களை, களைக்கொல்லி அடிச்சு அழிச்சிடுவாங்க. அதனால இந்த மழைக்கு ஒரு கூறு வாங்குங்க. மோரை மறந்துடாதீங்க.