கெட்டியான பசையை என்ன செய்வது?

அரிசி, பருப்பு, எண்ணெய் இருப்பில் நாம் காட்டும் கவனத்தைப் பசை டப்பாவில் காட்டுவதில்லை. அது அலமாரியின் மூலையில் கிடக்கும். வாடிக்கையாளர் கேட்கும்போது எடுத்துத் துடைத்துக் கொடுப்போம். மூடியைத் திறந்தவர், "கட்டியாகிவிட்டதே" என்று திருப்பிக் கொண்டுவரும்போதுதான் நமக்கு அதன் நினைவு வரும்.

இராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, இராமநாதபுரம் பகுதி வணிகர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. சங்கு, சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டங்களும், படம் ஒட்டிய பெட்டிகளும், தட்டுகளும் செய்வோர் நம் கடைகளில்தான் பசை வாங்குகிறார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வரும் யாத்திரிகர் கூட்டத்தை நம்பி முன்கூட்டியே பொருள் செய்து வைப்பவர்கள் அவர்கள். நாம் கொடுத்த பசை கெட்டிருந்தால் ஒரு டப்பாவின் விலையோடு நஷ்டம் நிற்காது. அவர்களுடைய ஒரு பருவத்து உழைப்பே உரிந்து விழும்.

வெள்ளைப் பசையின் தன்மை

மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சியதும், தச்சர்கள் வச்சிரம் உருக்கியதும் பழைய வழக்கம். இன்று பெரும்பாலும் விற்பது வெள்ளைப் பசை. 1959இல் பிடிலைட் நிறுவனத்தார் ஃபெவிகால் என்ற பெயரில் கொண்டுவந்தது மக்களிடம் நன்கு பரவி, எந்த நிறுவனத்தின் வெள்ளைப் பசையையும் அந்தப் பெயர் சொல்லியே கேட்கிறார்கள்.

இதன் மூலப்பொருள் பாலிவினைல் அசிடேட். 1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே என்பவர் கண்டறிந்தது. இந்தப் பிசின் மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. அதனால்தான் பால்போல் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வற்றும்போது துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கண்ணாடிபோன்ற படலமாகி ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே மூடி சரியாக இல்லாத டப்பாவிலும், வெயில் படும் அலமாரியிலும் பசை உள்ளேயே காயத் தொடங்கிவிடும்.

வற்றியது வேறு, கெட்டது வேறு

கெட்டியான பசை எல்லாம் ஒன்றல்ல. நாம் பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

தண்ணீர் மட்டும் வற்றிய பசை ஒரே சீராக, தயிர்போல் வழுவழுப்பாக இருக்கும். கெட்ட வாடை இராது. இது பயன்படும்.

ரப்பர்போல் இழுபடுவது, திரிதிரியாகப் பிரிந்து மேலே நீர் நின்று கலக்கினாலும் சேராதது, புளித்த அல்லது அழுகிய வாடை வீசுவது, கரும்புள்ளி படர்ந்தது ஆகியவை கெட்டுப்போனவை. துளிகள் ஒருமுறை சேர்ந்து இறுகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது. தூக்கி எறிவதே லாபம்.

சந்தேகமாக இருந்தால் இரண்டு சோதனைகள் போதும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். தெளிந்த படலமானால் நல்லது. சுண்ணாம்புபோல் வெளுத்தாலோ, குறுணை தெரிந்தாலோ ஆகாது. அடுத்து, ஒரு காகிதத்தை அட்டையில் ஒட்டி மறுநாள் உரித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்து நார் அட்டையில் தங்கினால் பசைக்குப் பலம் இருக்கிறது; முழுசாக உரிந்து வந்தால் இல்லை.

இளக்கும் முறை

அன்றைய வேலைக்கு வேண்டிய அளவை மட்டும் வேறு கிண்ணத்தில் எடுக்க வேண்டும். 100 கிராமுக்கு முதலில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு மெதுவாகக் கலக்கி, சிறிது நேரம் விட்டுப் பார்த்துத் தேவையானால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். வேகமாக அடித்தால் நுரைத்துக் குமிழி தங்கும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். மீந்ததைத் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது.

தண்ணீர் நல்ல குடிநீராக இருக்கட்டும். நம் கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. உப்பு பசையைத் திரிய வைக்கக்கூடும், காய்ந்தபின் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். தின்னர், மண்ணெண்ணெய் கலப்பதும், அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதும் தவறு. வெண்காரம் சேர்த்தால் பசை சவ்வுபோல் இறுகிவிடும்.

எந்த வேலைக்கு எது

அழகான படத்தை வெட்டிப் பெட்டியிலோ தட்டிலோ ஒட்டி, மேலே பல பூச்சுகள் கொடுத்து வரைந்ததுபோல் தோன்றச் செய்யும் கலைக்கு டிகூபாஜ் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் வெனிஸ் நகரில் புகழ்பெற்றிருந்தது. இதற்குப் பாலேடு பதத்தில் பசை வேண்டும். கெட்டிப் பசையைத் தடவினால் தூரிகைத் தடமும் கட்டியும் காகிதத்தின் அடியில் புடைக்கும். அதிகம் நீர்த்தால் காகிதம் ஊறிச் சுருங்கும். இங்க்ஜெட் அச்சுப் படமானால் மை கரையும். மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். வெள்ளைப் பசை காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகும். கடற்காற்று வீசும் நம் ஊரில் கடைசியாக வார்னிஷ் பூச்சு கட்டாயம். இதை வாங்குவோரிடம் சொன்னால் வார்னிஷும் விற்கும்.

மரச்சட்டத்தில் சிப்பி, கயிறு ஒட்டுவோருக்குச் சற்றே கெட்டியான நல்ல பசை ஏற்றது. வழியாது, மேடுபள்ளத்தில் நிற்கும். கண்ணாடியில் சிப்பி ஒட்டுவோருக்கு வெள்ளைப் பசையையே கொடுக்க வேண்டாம். இரண்டும் ஈரம் உறிஞ்சாதவை. பசை காய வழியில்லை. எபாக்சி பசையைக் காட்டுங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

வந்த தேதியை ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி, முன் வந்ததை முன் விற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் விற்பனை மந்தமானால் பெரிய டப்பாக்களைக் குவிக்க வேண்டாம். உதிரியாக விற்போர், பசையின் மேல் பாலிதீன் தாளைப் படியவைத்து மூடினால் ஆடை கட்டாது. உப்புக்காற்றில் இரும்பு டப்பா துருப்பிடித்துப் பசையும் நிறம் மாறும்; பிளாஸ்டிக் வாளியே நல்லது. பழைய சரக்கைத் திருப்பி எடுப்பாரா என்று மொத்த வியாபாரியிடம் கொள்முதலின்போதே பேசிவிடுவது நல்லது.

மற்றொரு கணக்கும் உண்டு. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி, அழித்த அல்லது கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே கெட்ட பசையால் போவது முதல் மட்டுமல்ல, வரி வரவும்தான்.

அதற்காகக் கெட்டதை நல்லதோடு கலந்து தள்ளிவிடுவதும், நாமே தண்ணீர் ஊற்றிப் புதிது என்று விற்பதும் வணிகத்துக்கு அழகல்ல. வற்றிய பசையானால் உள்ளதைச் சொல்லி, இளக்கும் முறையையும் கூறி, விலை குறைத்துக் கொடுக்கலாம். கெட்டதானால் விற்கவே வேண்டாம். கைவினைஞர் நம் கடைக்கு அடுத்த பருவத்திலும் வர வேண்டும் என்றால் பசையோடு நம் சொல்லும் ஒட்ட வேண்டும்.