வீட்டு மின்விளக்குகளில் நேரிடும் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் வகையும்

பைக்காரா நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது 1932-ம் ஆண்டிலாகும். பெரும்பாலும் நகரங்களையும் ஆலைகளையும் நாடிச் சென்ற அம்மின்சாரம் இன்று மாட்டுக்கொட்டகை வரையில் வந்துவிட்டது. ஆயினும், விளக்கு எரியாமற்போனால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைக் குடியானவர்களிற் பலர் அறிந்திலர். பம்புசெட்டு பழுதுற்றால் மெக்கானிக்கை அழைக்கும் மிராசுதாரரே, விளக்குக் கோளாறென்றால் தாமே பியூஸ் கட்டையைக் கழற்றி, கைக்கு அகப்பட்ட கம்பியைச் சுற்றிவிடுகிறார். உயிர்ச்சேதத்திற்கும் வீடு தீப்பற்றுவதற்கும் இஃது இடமளிப்பதாகும்.

முதற்கண் கோளாறின் எல்லையை அறிதல் வேண்டும். அண்டை வீடுகளிலும் விளக்கில்லையேல் குறை வெளிக் கம்பியிலுள்ளது. வீட்டுக்காரர் செய்யக்கூடியது மின்வாரியத்திற்குத் தெரிவிப்பதொன்றே. ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையாயின், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, நன்கு எரியும் வேறு பல்பை அதில் மாட்டிப் பார்த்தல் போதும். ஓர் அறையின் விளக்குகள் யாவும் அணைந்திருந்தால் அவ்வறைக்குரிய பியூஸையோ டிரிப்பரையோ பார்த்தல் வேண்டும்.

பியூஸ் என்பது காவற்காரனை யொத்தது. 60 வாட் பல்பு ஒன்று 230 வோல்ட் அழுத்தத்தில் இழுப்பது ஏறக்குறைய கால் ஆம்பியரே. அத்தகைய பல்புகள் பத்தும் ஒருங்கே எரிந்தாலும் 2.6 ஆம்பியருக்கு மேற்படாது. எல்.இ.டி. விளக்குகளுக்கோ இதில் சிறு பங்கே போதும். ஆகவே விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பியூஸ் தாராளமாகப் போதுமானது. அதற்குரிய ஈயம் பூசிய செம்புக்கம்பியின் கனம் 0.2 மில்லிமீட்டர். இக்கம்பி அடிக்கடி உருகுமாயின், குற்றம் கம்பியினுடையதன்று. எங்கோ இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று படுகின்றன, அல்லது இஸ்திரிப்பெட்டி போன்ற பெருஞ்சுமை அவ்வழியிற் சேர்ந்துள்ளது. அதனிடத்தில் தடித்த கம்பியைக் கட்டினால் பியூஸ் உருகாது. சுவருக்குள்ளும் கூரையடியிலும் செல்லும் கம்பியே சூடேறி உருகும். கீற்று வேய்ந்த வீட்டில் இதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. நெல் சேமித்த அறைகளில் எலிகள் கம்பியுறையைக் கடித்துவிடுவதுண்டு. ஆதலின் முதலில் ஆராயத்தக்கது அவ்விடமேயாம்.

பலரை மயக்கும் கோளாறு மற்றொன்று உண்டு. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை. ஆனால் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் ஹோல்டரின் இரு முனையிலும் ஒளி தெரிகிறது. “மின்சாரம் இருக்கிறதே, பல்புதான் கெட்டது” என்று கருதிப் புதுப்பல்பு மாட்டுவர், அதுவும் எரியாது. உண்மை யாதெனில், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அவ்விடத்திற்கு முன்னரே அறுந்துள்ளது. பேஸ் கம்பியின் மின்சாரம் பல்பின் வழியாகவே மறுமுனையை எட்டி, அங்கும் டெஸ்டரை ஒளிரச் செய்கிறது. பாதுகாப்பானதெனக் கருதிக் கறுப்புக் கம்பியைத் தொடுபவர் உயிரிழக்கக்கூடும். டெஸ்டரின் ஒளியின்மையையும் நம்பலாகாது, அது பழுதுற்றிருக்கவுங்கூடும்.

இதற்கு நெருங்கிய பிறிதொரு பிழை, சுவிட்சைப் பேஸில் அமைக்காது நியூட்ரலில் அமைப்பதாம். விளக்கு வழக்கம்போலவே எரியும், அணையும், எவரும் ஐயுறார். ஆனால் அணைத்த பின்னரும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். அணைத்த எல்.இ.டி. விளக்கு இரவில் மங்கலாக ஒளிருமாயின் இப்பிழையும் காரணமாகலாம்; உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு உடனே சோதித்தல் நலம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் நனையுங்கால் கசிவு தோன்றும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்திய வீடுகளில் அது தானே விழுந்து இதனைத் தெரிவிக்கும். அப்போது எல்லா டிரிப்பர்களையும் இறக்கிவிட்டுத் தடுப்பானை ஏற்றி, பின் ஒவ்வொன்றாக ஏற்றிவந்தால், எதனை ஏற்றும்போது விழுகிறதோ அவ்வழியிலேயே கசிவுள்ளது எனக் கொள்ளலாம். டிரிப்பர்களெல்லாம் இறங்கியிருக்கும்போதே விழுமாயின், நியூட்ரல் கம்பி ஈரச்சுவரில் படுகின்றதா என ஒயர்மேன் பார்த்தல் வேண்டும். சாதாரண டிரிப்பர் பேஸை மட்டுமே துண்டிக்கும். தொழுவத்து விளக்கே பெரும்பாலும் குற்றவாளியாகக் காணப்படும். தடுப்பான் தொல்லை தருகிறதென்று அதனை நீக்கி நேரிணைப்புக் கொடுப்பவன், தன் வீட்டாரின் உயிர்க்காப்பையே நீக்குகிறான். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

சுவிட்சு சுடுதல், விளக்கு நடுங்குதல், கருகிய வாடை ஆகியன தளர்ந்த இணைப்பின் அறிகுறிகள். மெயினை நிறுத்தி, இணைப்பை இறுக்குவித்தல் வேண்டும்.

தெருவில் சில வீடுகளில் விளக்குகள் மிகப் பிரகாசித்தும், வேறு சிலவற்றில் மங்கியும் காணப்படின், வெளி நியூட்ரல் அறுந்திருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கவுங்கூடும். அந்நிலையில் ஒவ்வொரு வீட்டாரும் மெயினை உடனே நிறுத்துமாறு கிராம அலுவலர்கள் ஒலிபெருக்கியினால் அறிவித்தல் தகும். கம்பியறுந்து நிலத்தில் வீழ்ந்திருப்பின், மின்சாரம் துண்டிக்கப்பட்டதென மின்வாரியத்தார் கூறும்வரை, ஆட்களையும் கால்நடைகளையும் அண்டவிடாது அங்கொருவரைக் காவல் நிறுத்துதல் அவசியமாம்.