பகைவன் கருத்தறிதல்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், நம் மாணவர்க்கு வரலாற்றுத் தேர்வில் ஒரு வினா விடுத்தோம். 1560 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றியதன் காரணம் யாது என்பதே அவ்வினா. ஒருவர், கொல்லப்பட்ட கிறித்தவர் பொருட்டுக் கொடுங்கோலரசனைத் தண்டிக்கவே அவர்கள் வந்தனர் என்று எழுதினார். மற்றொருவர், மதம் என்பது வெறும் போர்வை, முத்துக் கொள்ளையே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருவரும் அறிவுடைய பிள்ளைகள். இருவர்க்கும் யாம் பாதி மதிப்பெண்ணே இட்டோம். இருவரும் சற்றுச் சினத்துடன் காரணம் கேட்க வந்தனர். அன்று அவர்கட்குக் கூறியதை விரித்து இவ்விழா மலருக்கு எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தமையால் இக்கட்டுரை எழுந்தது.

அண்மையில் நிகழ்ந்த போரை விடுத்து இத்துணைப் பழைய செய்தியை எடுத்தது ஏன் எனச் சிலர் கேட்கலாம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்தவை நம் வாசகர் பலர்க்கு இன்னும் பச்சைப் புண். ஆறாத புண்ணைக் கையிலே பிடித்துக்கொண்டு முறைமை கற்பித்தல் இயலாது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கதையாயின் இரு தரப்பாரையும் ஒரே தராசில் இட்டு நிறுக்கக் கை நடுங்காது. நடுங்காது என்றா சொன்னோம்? மன்னாரில் அதுவும் சற்று நடுங்கவே செய்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

படையெடுத்து வருவோன் எவனும் காரணம் கூறாது வருவதில்லை. 1939 ஆம் ஆண்டு போலந்து நாட்டின் மேற் செல்லுமுன், செருமனியர் தம் எல்லையிலுள்ள வானொலி நிலையமொன்றைத் தம் ஆட்களைக் கொண்டே தாக்குவித்து, பழியைப் போலந்தின் மேற் சுமத்தினர். இது முழுப் பொய். ஆயின் எல்லாப் பறைசாற்றலும் இவ்வாறு முழுப் பொய்யாய் இருப்பதில்லை. இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியராகிய தூசிடிடீசு, ஏதென்சுக்கும் சுபார்த்தாவுக்கும் மூண்ட போரை எழுதப் புகுந்தபோது, இரு பக்கத்தாரும் வெளிப்படக் கூறிய குறைகளை முதலில் விரிவாகச் சொன்னார். ஏதென்சின் வளர்ச்சி கண்டு சுபார்த்தா கொண்ட அச்சமே மெய்யான காரணம் என்பதை அதனின் வேறாகப் பிரித்து வைத்தார். சொன்ன காரணங்களை அவர் எறிந்துவிடவில்லை என்பதை நோக்குக. அவற்றையும் எழுதினார், அவற்றின் பின் நின்றதையும் எழுதினார்.

இனி நம் கரைக்கு வருவோம். பாண்டிக் கடற்கரையிலுள்ள பரதவர், முத்துக்குளிப்புத் தொழிலில் தமக்கு நேர்ந்த இடுக்கண் தாளாமல், 1535 முதல் 1537 வரையுள்ள காலத்திற் போர்த்துக்கேயரின் காவலை வேண்டி அவர்தம் சமயத்தையும் ஏற்றனர். 1542 இல் பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்தார். 1544 இல் மன்னார் மக்கள் தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவரை வேண்டினர். அவர் ஒரு குருவை அனுப்ப, பலர் திருமுழுக்குப் பெற்றனர். மன்னார் அப்பொழுது யாழ்ப்பாண அரசுக்கு உட்பட்டது. அரசனாகிய சங்கிலி படையுடன் வந்து, புதிய சமயத்தை விட மறுத்தவரைக் கொல்வித்தான். அறுநூறு பேர் மாண்டனர் என்பது மரபு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் இக்கொலையைக் குறிக்கின்றது. ஆதலின் இதனைப் பறங்கியர் கட்டிய கதையென்று தள்ள முடியாது. தோட்டவெளியில் அம்மக்களை வேதசாட்சிகள் என்று இன்றும் வணங்குகின்றனர்.

சவேரியார் அரசனைத் தண்டிக்குமாறு கோவாவின் ஆளுநரான மார்த்தின் அபொன்சோ த சூசாவிடம் முறையிட்டார். ஆளுநரும் இசைந்தார், படையெடுப்பும் ஆயத்தமாயிற்று. 1545 இல் சவேரியார் நாகப்பட்டினம் வந்து பார்க்கும்பொழுது படையெடுப்புக் கைவிடப்பட்டிருந்தது. பெகு நாட்டிலிருந்து விலையுயர்ந்த சரக்குடன் வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் ஒதுங்கியது. சரக்கு அரசன் கைப்பட்டது. போர் தொடுத்தாற் சரக்கு மீளாது. அறுநூறு உயிருக்கு நீதி கேட்கப் புறப்பட்ட படை, ஒரு கப்பற் சரக்கின் பொருட்டு நின்றுவிட்டது.

இரண்டாம் மாணவர் இவ்விடத்திலே முகமலர்ந்து, "ஐயா, நான் எழுதியது சரிதானே?" என்றார். பொறுத்திரும் என்றோம்.

பதினைந்து ஆண்டு கழிந்தது. 1560 இல் அரசப் பிரதிநிதி கொன்சுதந்தீனு த பிரகான்சா பெரும் படையுடன் யாழ்ப்பாணத்தின் மேல் வந்தார். கூறிய காரணம் பழையதுதான். கொலைக்குப் பழிவாங்குதலும், அரசுரிமை கோரிய இளவரசனொருவனுக்கு நீதி வழங்குதலும் என்றனர். நல்லூர் பிடிபட்டது. சங்கிலி தப்பி ஓடினான். பின்னர் உடன்படிக்கை செய்து, திறையும் பிணையும் கொடுக்க இசைந்தான். சில நாளில் நாட்டு மக்கள் கிளர்ந்தெழவே, பறங்கிப் படை பெரும் இழப்புடன் கப்பலேறிற்று. திரும்பும் வழியில் மன்னாரைப் பிடித்து அங்கே கோட்டை கட்டி நிலைகொண்டனர்.

ஒருவன் வாயினாற் கூறுவதை ஐயுற்றால், அவன் எதனைக் கைவிட்டான், எதனைக் கைவிடவில்லை என்று பார்த்தல் வேண்டும். கொலை செய்த அரசனை அரியணையிலேயே விட்டுச் சென்றனர். நீதி கோரிய இளவரசனுக்கு முடி கிட்டவில்லை. கொலை நிகழ்ந்த தீவை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டனர். அதுமட்டுமன்று. பாண்டிக் கரையிலே புன்னைக்காயலில் இருந்த தம் நிலையத்தையும் அங்குள்ள பரதவர் பலரையும் மன்னாருக்குக் கொணர்ந்தனர். மானுவேல் ரொட்ரீகசு கொத்தீனு என்பார் முதற் கோட்டைத் தலைவரானார். ஏன் இந்தக் குடிபெயர்ப்பு? புன்னைக்காயல் 1553 இற் கடலிலிருந்தும், பின்னர் 1560 அளவில் நாயக்கர் படையால் நிலத்திலிருந்தும் தாக்குண்டது. பெருநிலத்தில் காக்கவியலாத நிலையத்துக்கு ஒரு தீவு வேண்டியிருந்தது.

முத்துக்குளிப்பின் இயல்பை அறியாதார்க்கு இது விளங்காது. நம் ஊர் முதியோர் இதனைச் சலாபம் என்பர். முத்துச் சிப்பி விளையும் பார்கள் அரிப்பு, சிலாபத்துறைக் கரைக்கு மேற்கே திறந்த கடலிற் கிடப்பன. அவற்றுக்கு மதில் எழுப்ப முடியாது, காவற் படகுகளை ஆண்டு முழுதும் நிறுத்தவும் முடியாது. சிப்பி ஆண்டுதோறும் விளைவதுமில்லை. நீரோட்டமும் மணலும் மாறினால் பார் முழுவதும் அழிந்து, பல்லாண்டு குளிப்பே இல்லாது போகும். விளைந்த ஆண்டிலும் கடல் அமைதியாயிருக்கும் மாசி பங்குனியை ஒட்டிய சில கிழமைகளிலேயே குளிக்க வேண்டும். கல்லைக் காலிற் பிணைத்து ஆழத்தில் இறங்கி, மூச்சடங்கும் அளவும் சிப்பி பொறுக்கி, மேலிருப்போன் கயிற்றை இழுக்க மீள்வது அயலூரார் ஒரு பருவத்திற் கற்கும் வித்தையன்று. ஆகவே முத்தை ஆள விரும்புவோன் கடலை ஆண்டு பயனில்லை. குளிப்போரை ஆளவேண்டும், சிப்பியைக் கரையேற்றும் துறையை ஆளவேண்டும். பரதவரைக் கோட்டையின் நிழலிற் குடியேற்றினமை எதற்கு என்பது இப்பொழுது தெளிவாகும். பாக்கு நீரிணையைக் கடக்கும் சிறு மரக்கலங்கள் மன்னார் வாய்க்காலை ஒட்டியே செல்லவேண்டியிருந்தமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கோட்டை நிற்குமிடத்தைப் போய்ப் பாருங்கள். தீவுக்குள் பெருநிலத்திலிருந்து புகும் வாயிலில், வாய்க்காலை நோக்கியே அது நிற்கின்றது.

இதுவரை கூறியது இரண்டாம் மாணவர்க்குச் சார்பாகவே செல்கின்றது. ஆயின் அதே 1560 ஆம் ஆண்டுப் படையெடுப்பில் அகப்பட்ட வேறொரு பொருளின் கதை அவர் விடையைக் கவிழ்த்துவிடும்.

யாழ்ப்பாணத்திற் கொள்ளையிட்ட பொருள்களுள் ஒரு பல் இருந்தது. அது புத்தர் பெருமானின் தந்தம் என்று போர்த்துக்கேயர் நம்பினர். பெகு மன்னன் அதனைப் பெறப் பெருந்தொகை தர முன்வந்தான். மூன்று நான்கு இலட்சம் குருசாடோ என்று வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ எழுதுகிறார். கோவாவின் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. படைத்தலைவர்கள் விற்றுவிடலாம் என்றே கூறினர். பேராயர் கசுபார் ஒருப்படவில்லை. அரசப் பிரதிநிதி பேராயர் சொல்லையே ஏற்றார். 1561 இல் அப்பல்லைப் பலர் காண உரலிலிட்டு இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் எறிந்தனர். மெய்யான தந்ததாது அதுவன்று, அது வேறிடத்திற் காக்கப்பட்டது என்பது பௌத்தர் கொள்கை. நமக்கு ஈண்டு வேண்டியது அவ்வாராய்ச்சியன்று. தம் கையிலிருப்பது பிறர் போற்றும் தெய்வப்பொருள் என நம்பியே அதனை அவர்கள் பொடியாக்கினர். பொருள் ஒன்றே கருத்தாயின் விற்றிருப்பார்கள். கொடுமையே எனினும், அவர்தம் சமயப்பற்று நடிப்பன்று.

அங்ஙனமாயின் 1545 இல் சரக்கு வென்றது, 1561 இல் மதம் வென்றது என்று சொல்லி நிறுத்தலாமா? அதுவும் போதாது. போர்த்துக்கேயர் என்று ஒருமையாகச் சொல்லும் பழக்கமே நம்மைத் தடுமாறச் செய்வது. வணிகர்க்கு ஒரு கருத்து, குருமார்க்கு ஒன்று, கோட்டைத் தலைவர்க்கு வேறொன்று. மூவர் கருத்தும் ஒரே இடத்திற் பொருந்திய பொழுதே படை நகர்ந்தது. மன்னார்த் தீவு மூவர்க்கும் பொருந்திய இடம். குருவுக்கு அது வேதசாட்சிகளின் மண், வணிகனுக்கு முத்துத் துறை, தலைவனுக்குத் தற்காப்பான தீவு. மாணவர் இருவரும் தனித்தனியே எழுதிய விடைகளை ஒருவர் சேர்த்து எழுதியிருப்பின் முழு மதிப்பெண் இட்டிருப்போம்.

சான்றுகளைப் பற்றியும் ஒரு சொல். இக்கதையை நாம் அறிவது பெரும்பாலும் வென்றவர் ஏடுகளால். கூத்தோ கோவாவின் அரச ஆவணக் காப்பாளர், தம் நாட்டார் புகழ் பாடுவது அவர் தொழில். பெர்னாவோ த கெய்ரோசு என்னும் சேசு சபைக் குரு 1687 அளவில் இலங்கை வரலாற்றைப் பெருநூலாக எழுதி முடித்தார். இலங்கைக்கு அவர் வந்ததேயில்லை. அத்தீவை மீண்டும் வெல்லத் தம் அரசனைத் தூண்டுவதே அவர் நோக்கம். இத்தகையோரை நம்புவது எங்ஙனம்? ஒற்றன் ஒருவன் சொல்லை வேறோர் ஒற்றன் சொல்லாலே தேறவேண்டும் என்பது நம் முன்னோர் அரசியல் நெறி. இன்னொரு வழியும் உண்டு. எழுதுவோன் தன் தரப்புக்கு இழுக்காகச் சொல்வதைக் குறித்துக்கொள்க. தம்மவர் செய்த அநீதிகளுக்குத் தண்டனையாகவே இலங்கை கைநழுவிற்று என்று கெய்ரோசு எழுதுகிறார். தலைவர்கள் பல்லை விற்க விரும்பினர் என்று கூத்தோ ஒப்புக்கொள்கிறார். பகைவன் ஏட்டில் நமக்குப் பெரும் பயன் தருவன இவ்வகை இடங்களே. அதனை முற்றாக மூடிவைப்போன் இவற்றையும் இழப்பான்.

இந்துக் கல்லூரியின் மலரில் இனி எழுதுவது சிலர்க்குக் கசக்கலாம். அதே தராசிற் சங்கிலியையும் நிறுத்தல் வேண்டும். அவன் சைவத்தைக் காத்தான் என்று புகழ்வோர் நம்முள் உண்டு. மதவெறியன் என்று இகழ்வோர் அயலில் உண்டு. இரண்டும் பறைசாற்றலே. திருமுழுக்குப் பெற்றோர் போர்த்துக்கல் அரசனின் காவலுக்குள் செல்வதைப் பாண்டிக் கரையில் அவன் கண்டிருந்தான். மன்னாரும் அவ்வழி செல்லின் குடிகளும் துறையும் அவற்றின் வருவாயும் ஒருங்கே போய்விடும். அரியணைக்கு உரிமை கோரியோரும் பறங்கியர் துணையையே நாடினர். ஆகவே அவன் அஞ்சியது வீணன்று. அச்சம் மெய்யானது என்று யாம் கூறுவதால், படையிலாத குடிகளைக் கொன்றது நீதியாகிவிடாது. மாணவர் அடிக்கடி வழுவும் இடம் இதுவே. காரணம் விளங்கிற்று என்றவுடன் குற்றமும் கரைந்துவிட்டதாக எண்ணுகின்றனர். குற்றம் கரையக்கூடாது என்று அஞ்சிக் காரணத்தைத் தேடவே மறுப்போரும் உளர். மருத்துவன் நோயின் முதலை ஆராய்வது நோயைப் பாராட்டுவதற்கன்று.

சங்கிலி தன் பக்கத்தை எழுதிவைத்த ஓலை ஒன்றும் நம்மிடமில்லை. மேலே கூறியது அவன் செயல்களையும் அக்காலச் சூழலையும் கொண்டு யாம் உய்த்துணர்ந்தது என்பதை வாசகர் மறவாதிருக்க.

பின் வந்தோர் கதையைச் சுருக்கமாகவே கூறலாம். மன்னாரை ஊன்றுகோலாகக் கொண்டு போர்த்துக்கேயர் 1591 இல் யாழ்ப்பாணத்தின் மேற் சென்று அரசனைக் கொன்றனர். 1619 இல் அரசையே விழுங்கினர். ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நண்பராக வந்தவர்கள். 1638 ஆம் ஆண்டு உடன்படிக்கையில், பிடிக்கும் கோட்டைகளிற் காவற்படை வைப்பது பற்றிய பிரிவிலே, மன்னன் விரும்பினால் என்ற சொற்கள் மன்னனிடமிருந்த படியில் இருந்தன, ஒல்லாந்தர் படியில் இல்லை. 1658 இல் அவர்கள் மன்னாரைப் பிடித்தபோது அது மன்னனுக்குத் திரும்பவில்லை. 1795 இல் ஆங்கிலேயர் வந்தபோதோ, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஒல்லாந்த அதிபர் கியூ என்னுமிடத்திலிருந்து எழுதிய கடிதம் கையிலிருந்தது. பிரஞ்சியரிடமிருந்து காக்க வருகின்றோம் என்றனர். பிரஞ்சியர் பற்றிய அச்சம் பொய்யன்று. ஆயினும் அடுத்த மூன்று ஆண்டும் அரிப்புக் கரையில் முத்துக் குளிப்பித்துப் பெருவருவாய் பெற்றனர். ஆளுநர் நோர்த்து அங்கே தமக்கென எழுப்பிய மாளிகை கடலோரம் இடிந்து கிடக்கின்றது.

மன்னாரிற் கை நடுங்கும் என்றோமே, அது இதனால்தான். பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம் இருக்கின்றது. போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து, கற்களைக் கோட்டைக்குக் கொண்டுசென்றனர் என்பது சைவர் வழிவழிக் கேட்ட செய்தி. 1872 இல் ஆறுமுக நாவலர் அதன் திருப்பணிக்கு வேண்டுகோள் விடுத்தார். தோட்டவெளியிலோ வேதசாட்சிகளின் ஆலயம். இரண்டுக்கும் இடைத்தூரம் அதிகமில்லை. ஒரு பக்கத்துப் பிள்ளைகள் ஒரு கதையைக் கேட்டு வளர்கின்றனர், மறு பக்கத்தார் மற்றொன்றை. மேற்கூறிய மாணவருள் ஒருவர் சைவர், ஒருவர் கத்தோலிக்கர். யார் எந்த விடை எழுதினார் என்பதை வாசகரே உய்த்துணர்வர்.

மதிப்பெண் தகராறு முடிந்தபின் அவ்விருவரையும் ஒரு சனிக்கிழமை தோட்டவெளிக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் ஒருசேர அனுப்பினோம். மாலையிற் கோட்டை மதிலின் மேல் இருவரும் அமர்ந்து, எந்தக் கல் கோயிற் கல்லாயிருக்கக்கூடும் என்று வாதிட்டுக்கொண்டிருந்ததாகத் தேநீர்க் கடைக்காரர் பின்னர்ச் சொன்னார்.