லைசென்ஸ் கட்டணம்: ஒரு சொல்லின் விலை 92,000 கோடி ரூபாய்



நம் கடைகளில் அரிசி, பருப்பு, சோப்பு விற்பதோடு செல்போன் ரீசார்ஜும் செய்து கொடுக்கிறோம். ஒரு வாடிக்கையாளர் 300 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறார். அதில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது சுமார் 45 ரூபாய் 76 காசு என்பது நமக்குத் தெரியும். மீதி 254 ரூபாய் 24 காசு முழுவதும் கம்பெனிக்கே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதிலிருந்து அரசுக்கு இன்னொரு தொகை போகிறது. அது பில்லில் தெரியாது. அதன் பெயர் உரிமக் கட்டணம், பேச்சு வழக்கில் லைசென்ஸ் கட்டணம்.

இந்தக் கட்டணத்தை அரசு எப்படி விதிக்கிறது, அதற்குக் கணக்கு எப்படிக் காட்டப்படுகிறது, அந்தக் கணக்கில் வந்த ஒரு தகராறு எப்படிப் பெரிய கம்பெனிகளையே உலுக்கியது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. தொகை கோடிக்கணக்கில் இருந்தாலும், இதில் உள்ள பாடம் பெட்டிக்கடைக்கும் பொருந்தும்.

கட்டணம் வந்த கதை

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்த வீட்டுக்காரரே தபால் ஆபீசுக்குப் போய் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டினார். கடையில் ரேடியோ வைத்திருந்த மூத்த வணிகர்களுக்கு அந்தச் சிறு புத்தகம் நினைவிருக்கும். 1980களில் அந்த முறை நீக்கப்பட்டது. பிறகு கேட்பவர் கட்டவேண்டிய நிலை போய், சேவை தருபவர் கட்டும் முறை வலுப்பட்டது.

1990களின் நடுவில் செல்போன் சேவைக்குத் தனியார் கம்பெனிகள் வந்தபோது ஏலம் நடந்தது. ஆண்டுக்கு இத்தனை கோடி என்று நிலையான தொகையைக் கேட்டு எடுத்தார்கள். போட்டியில் ஏலத்தொகை ஏறிவிட்டது, எதிர்பார்த்த வியாபாரம் வரவில்லை, தவணை கட்ட முடியவில்லை. கோயில் திருவிழாக் கடையைப் போட்டி போட்டு ஏலம் எடுத்தவர், மூன்றாம் நாள் மழை பெய்தால் படும் பாடுதான் அது.

எனவே 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வேறு வழி காட்டியது. நிலையான தொகை வேண்டாம், வரும் வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றது. வியாபாரம் நடந்தால் அரசுக்கும் வரும், நடக்காவிட்டால் கம்பெனிக்குச் சுமை குறையும். இந்தப் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2013 ஏப்ரல் முதல் எல்லா வட்டங்களுக்கும் ஒரே சீராக 8 சதவீதம் ஆனது. அந்த எட்டில் ஐந்து சதவீதம் கிராமப்புறத் தொலைபேசி வசதிக்கான நிதிக்கு உரியது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கிறது.

கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 254 ரூபாய் 24 காசில் 8 சதவீதம் சுமார் 20 ரூபாய் 34 காசு. 300 ரூபாய் ரீசார்ஜில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

கணக்கு காட்டும் முறை

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கட்டணத்தை முதலில் கணக்கிடுவது அரசு அல்ல, கம்பெனியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தானே கணக்குப் போட்டுக் கட்டவேண்டும். நிதியாண்டின் கடைசிக் காலாண்டுக்கு மட்டும், மார்ச் 25க்குள் உத்தேச வருவாயின் பேரில் முன்கூட்டியே செலுத்தவேண்டும். ஆண்டு முடிந்ததும் ஆடிட்டர் சான்றளித்த கணக்கைக் கொடுக்கவேண்டும். அதன்பின் தொலைத்தொடர்புத் துறையின் கணக்கு அலுவலகங்கள் கழிவுக்கான ரசீதுகளைச் சரிபார்த்து, குறைவிருந்தால் கேட்பு நோட்டீஸ் அனுப்பும்.

ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தக் கட்டணத்தை வசூலிப்பதில்லை. எவ்வளவு விதிக்கலாம் என்று பரிந்துரை செய்யும், முடிவு அரசுடையது. ஆனால் கம்பெனிகளின் மொத்த வருவாய் எவ்வளவு, கழிவு போக எவ்வளவு, உரிமக் கட்டணம் எவ்வளவு என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. டிராயின் சொந்தச் செலவுக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. அதன் கணக்கை மத்திய தணிக்கை அதிகாரி தணிக்கை செய்ய, அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.

தனியார் கம்பெனியின் கணக்கை மத்திய தணிக்கை அதிகாரி பார்க்கலாமா என்றும் ஒரு வழக்கு நடந்தது. அரசுக்கு வருவாயில் பங்கு உண்டென்றால், பங்கு சரியாக வருகிறதா என்று பார்க்கும் உரிமையும் உண்டு என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூட்டு வியாபாரத்தில் பங்காளி பேரேட்டைப் பார்க்கக் கேட்டால் மறுக்க முடியாதல்லவா? 2016இல் வந்த தணிக்கை அறிக்கை, 2006–07 முதல் 2009–10 வரை ஆறு கம்பெனிகள் 46,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாயைக் குறைத்துக் காட்டியதாகக் கூறியது.

எது வருவாய்?

தகராறின் வேர் இந்த ஒரு கேள்விதான். இதை நம் கடைக்கணக்கில் பார்ப்போம்.

ஒரு நகராட்சி வணிக வளாகத்தில் கடை எடுக்கிறோம். மாத வாடகை கிடையாது, அதற்குப் பதில் மொத்த வருவாயில் 8 சதவீதம் என்று ஒப்பந்தம். மளிகையில் லாபமே அவ்வளவு நிற்காதே என்பீர்கள். உண்மைதான், கணக்குக்காகச் சொல்கிறோம். மாத விற்பனை 5 லட்சம். 40,000 ரூபாய் கட்டிவிடுகிறோம். இதல்லாமல் கடைக்கு வேறு வரவும் உண்டு.

காலிச் சாக்கும் அட்டைப்பெட்டியும் விற்றது 3,000 ரூபாய்.
சோப்புக் கம்பெனி தன் சரக்கை முன்வரிசையில் அடுக்கக் கொடுத்தது 4,000 ரூபாய்.
வங்கி வைப்புத்தொகை வட்டி 2,500 ரூபாய்.
வாசலில் டீக்கடைக்கு விட்ட உள்வாடகை 6,000 ரூபாய்.

ஆக 15,500 ரூபாய். இது வியாபார வருவாயா, இல்லையா? நாம் இல்லை என்போம். ஒப்பந்தத்தில் மொத்த வருவாய் என்றுதானே இருக்கிறது என்பார் நகராட்சி அதிகாரி. 8 சதவீதம் போட்டால் மாதம் 1,240 ரூபாய், ஆண்டுக்கு 14,880, பத்து ஆண்டுக்கு 1,48,800. வட்டி தனி.

செல்போன் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் நடந்த சண்டை இதுவேதான். வட்டி, ஈவுத்தொகை, வாடகை, கைபேசி விற்பனை, பழைய இரும்பு விற்ற பணம் எல்லாம் வருவாயில் சேரும் என்றது அரசு. தொலைபேசி சேவையில் வந்ததற்கு மட்டுமே கட்டுவோம் என்றன கம்பெனிகள். மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்த அழைப்பு இணைப்புக் கட்டணம், அரசுக்குக் கட்டிய வரி போன்ற சிலவற்றை மட்டும் கழிக்க ஒப்பந்தம் அனுமதித்தது. 2003இல் தொடங்கிய வழக்கு மேலும் கீழும் ஏறி இறங்கியது. 2015இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் பெரும்பாலும் கம்பெனிகள் பக்கம் சொன்னது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசு சொன்னதே சரி என்று முடித்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டு, புதிய முறையின் பயனையும் அனுபவித்த பிறகு, பொருளை மாற்றிச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

அசல் கால், மற்றது முக்கால்

வழக்கில் காட்டப்பட்ட உரிமக் கட்டண நிலுவை ஏறக்குறைய 92,640 கோடி ரூபாய். அதன் பிரிவுகளைப் பாருங்கள். அசல் 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அபராதத்தின் மேல் வட்டி 16,878 கோடி. நூறு ரூபாய் கேட்பில் அசல் 25 ரூபாய்தான்.

காரணம், மாதந்தோறும் வட்டியை அசலில் சேர்க்கும் கூட்டு வட்டி. ஒரு லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் பத்து ஆண்டில் சுமார் 4,05,000 ரூபாய். மாதாமாதம் சேர்த்தால் சுமார் 4,44,000. வழக்கு நடந்த ஆண்டுகளில் இந்தச் சக்கரம் நிற்கவே இல்லை.

பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2020 செப்டம்பரில் நீதிமன்றம் பத்து ஆண்டுத் தவணை கொடுத்தது. கணக்கில் கூட்டல் பிழை இருக்கிறது, திருத்தவேண்டும் என்று கேட்ட மனுக்கள் 2021 ஜூலையில் தள்ளுபடியாயின. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை விதியையே மாற்றியது. அந்த அக்டோபர் முதல் தொலைத்தொடர்பு அல்லாத வருவாய் கணக்கில் சேராது, வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும், அபராதம் இல்லை என்றது. ஆனால் பழைய பாக்கி பாக்கியாகவே நின்றது. 2025 அக்டோபரில்தான் ஒரு கம்பெனியின் நிலுவையை மறுபரிசீலனை செய்ய அரசுக்கு நீதிமன்றம் வழிவிட்டது.

இந்தத் தீர்ப்பை வைத்து, எரிவாயுக் குழாயோரம் கேபிள் போட்டு உரிமம் வாங்கியிருந்த கெயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கும் நோட்டீஸ் பறந்தது. எரிவாயு விற்ற வருவாயும் கணக்கில் சேர்ந்ததால் மொத்தக் கேட்பு ஏறக்குறைய 4 லட்சம் கோடி. நீதிமன்றம் கேள்வி எழுப்பியதும், 2020 ஜூனில் அதில் 96 சதவீதத்தைத் துறை திரும்பப் பெற்றது. விதியின் நோக்கத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பிடித்தால் வரும் விபரீதம் இது.

இதில் நமக்கென்ன? 2019 டிசம்பரில் கம்பெனிகள் ரீசார்ஜ் விலையைக் கூட்டியபோது முதலில் திட்டு வாங்கியவர் கடைக்காரர்தான். மேலே ஏறும் சுமை கடைசியில் நம் கவுண்டருக்குத்தான் வந்து சேர்கிறது.

ஒலிபரப்பிலும் இதே பாடம்

தனியார் எஃப்.எம். வானொலிக்கு 1999–2000இல் நிலையான கட்டணம் வைத்து, ஆண்டுக்கு 15 சதவீதம் உயரும் என்றார்கள். ஏலம் எடுத்த பலர் நிலையமே தொடங்கவில்லை. 2005இல் மொத்த வருவாயில் 4 சதவீதம், ஒரு கீழ்வரம்புடன், என்று மாற்றிய பிறகே ஊர் ஊராக எஃப்.எம். வந்தது. வீட்டு டிஷ் சேவைக்கு மொத்த வருவாயில் 10 சதவீதமாக இருந்த கட்டணத்தைக் கழிவு போக 8 சதவீதம் ஆக்க 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கேபிள் டி.வி.யில் 2019 பிப்ரவரியில் 130 ரூபாய், வரியுடன் 153 ரூபாய் 40 காசு என்று கேட்டது நினைவிருக்கும். அது அரசுக் கட்டணம் அல்ல. கேபிள் இணைப்புக்கு டிராய் வைத்த உச்சவரம்பு. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். எது அரசுக்குப் போவது, எது அரசு அனுமதித்த விலை என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் தன் அலுவலகச் செலவை ஈடுகட்டவே ஒழுங்குமுறைக் கட்டணம் வாங்குகிறது. மொத்தம் எவ்வளவு என்பதை அந்நாட்டு நாடாளுமன்றம் நிர்ணயிக்கிறது. ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்குக் கீழ் வரும் சிறியவர்களுக்கு விலக்கும் உண்டு. சிறியவரிடம் வசூலிக்கும் செலவு வசூலைவிட அதிகம் என்பதை உணர்ந்த ஏற்பாடு. நம் ஊர் உரிமக் கட்டணங்களுக்கும் இதைக் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

வணிகர்கள் நினைவில் வைக்க

1. சதவீத ஒப்பந்தம் எதிலும், சதவீதத்தைப் பேரம் பேசுமுன் எதன் மேல் சதவீதம் என்று கேளுங்கள். எவை சேரும், எவை சேராது என்று பட்டியலாக எழுதி வாங்குங்கள்.

2. பக்க வரவுகளுக்குத் தனிப் பேரேடு வையுங்கள். கழிவு கேட்கவேண்டிய ஒவ்வொன்றுக்கும் ரசீதைக் கோத்து வையுங்கள். ரசீது இல்லாத கழிவு கழிவல்ல.

3. குறைந்தபட்சத் தொகை, ஆண்டு உயர்வு என்ற வரிகளை இரண்டு முறை படியுங்கள்.

4. நோட்டீஸ் வந்தால் குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். கூட்டல் பிழை இருந்தால் அன்றே சுட்டிக்காட்டுங்கள்.

5. தகராறு இருந்தால், ஆலோசகரைக் கேட்டு, ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு அசலைக் கட்டிவிட முடியுமா என்று பாருங்கள். வழக்கில் ஜெயித்தால் திரும்பக் கேட்கலாம். தோற்றால் வட்டி மிச்சம்.

வழக்கு தூங்கலாம், வட்டி தூங்காது. இதை எட்டு சதவீத லைசென்ஸ் கட்டணம் கம்பெனிகளுக்குக் கற்றுக்கொடுக்கப் பதினாறு ஆண்டு ஆயிற்று. நமக்கு அவ்வளவு காலமும் வேண்டாம், அவ்வளவு செலவும் வேண்டாம்.