நிலையான வீதமா, மாறும் வீதமா?

அண்மையில் ஒரு குடும்பத்தார் பழைய வீடியோ சீடி ஒன்றை எம்மிடம் கொண்டுவந்தனர். பெற்றோரின் திருமணப் பொன்விழாப் பதிவு அது. பீடத்தின் முன் இருவரும் அமர்ந்திருக்கும் காட்சி தெளிவாயிருந்தது. ஆனால் கோவில் வாசலில் உறவினர் திரண்டு பூத்தூவிய வேளையில் தாயாரின் முகம் சிறு சிறு சதுரங்களாய் உடைந்துபோயிற்று. தாயார் இன்று இல்லை. மூல நாடாவின் மேல் வேறொன்று பதியப்பட்டுவிட்டது. இக்குறை எவ்வாறு நேர்ந்தது?

ஒளிப்பதிவைக் கணினி எண்களாக மாற்றிச் சுருக்குகிறது. அவ்வெண்களின் மிகச் சிறிய அலகு ‘பிட்’. ஒரு வினாடிக் காட்சிக்கு எத்தனை பிட் செலவிடப்படுகிறதோ, அதுவே பிட் வீதம். இதில் இரு முறைகள் உண்டு.

முதலாவது, நிலையான வீதம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், துறையடியில் படகுப் பாதைக்குக் காத்துநின்றதை நம்மில் மூத்தவர்கள் மறந்திரார். ஆள் குறைந்த நாளிலும் அதே இடந்தான். கூட்டம் மிகுந்த நாளிலும் அதே இடந்தான். முன்னதில் இடம் வீணாகும். பின்னதில் சிலர் கரையிலேயே நிற்க நேரிடும். 1993இல் வகுக்கப்பட்ட வீடியோ சீடி முறையும் இத்தகையதே. அசையாத முகத்துக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 1.15 மெகாபிட், கொட்டியாரக் குடாவின் அலைக்கும் அதுவே. அசைவு மிகும்போது அது போதாமையால் படம் உடைகிறது.

இரண்டாவது, மாறும் வீதம். பாலம் வந்தபின் ஆள் கூடினால் இன்னொரு பேருந்தை விடலாம், குறைந்தால் நிறுத்தலாம். அதுபோல, அசைவில்லாக் காட்சியில் மிச்சம்பிடித்ததை அசைவுள்ள காட்சிக்கு இம்முறை செலவிடுகிறது. சராசரி 4 மெகாபிட் என்றால், எம்முறையாயினும் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 1.8 கிகாபைட் ஆகும். அளவு ஒன்றே; ஆனால் மாறும் வீதத்தில் கடினமான காட்சிகள் தெளிவாய் அமையும். கணினி முழுப் பதிவையும் முதலில் ஒருமுறை ஆராய்ந்து, மறுமுறை பிட்களைப் பங்கிடுமாயின் பயன் இன்னும் மிகும்.

அப்படியாயின் நிலையான வீதம் வேண்டாததா? அன்று. நேரலைக்கு அதுவே ஏற்றது. பாலத்துக்கும் அகலம் உண்டல்லவா? இணைய இணைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. வீதம் திடீரென உயர்ந்து அவ்வெல்லையைத் தாண்டினால், கனடாவிலிருந்து தாயின் இறுதித் திருப்பலியைக் காணும் மகனுக்குப் படம் நின்றுவிடும். மேலும், அடுத்து வரும் காட்சியை முன்கூட்டி ஆராயவும் நேரலையில் வழியில்லை. யூடியூப் நிறுவனமும் நேரலைக்கு நிலையான வீதத்தையே பரிந்துரைக்கிறது. உங்கள் இணைப்பு வினாடிக்கு 6 மெகாபிட் அனுப்புமாயின், 4க்கு மேல் வைக்காதீர்கள். அனுப்பும் வேகத்தை அதே இடத்தில், அதே வேளையில் முன்னரே சோதித்துக்கொள்ளுங்கள்.

நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. சேமித்து வைக்க மாறும் வீதம்.

2. நேரலைக்கு நிலையான வீதம்.

3. எம்முறையில் சுருக்கினாலும் மூலப் பதிவை அழிக்கலாகாது. சுருக்கும்போது இழந்ததைப் பின்னர் எவ்வளவு உயர்ந்த வீதத்தாலும் மீட்க இயலாது.

குடும்பமாகச் சிந்திக்க: நம் வீட்டு மூலப் பதிவுகள் இன்று எங்கே இருக்கின்றன? அவற்றின் இன்னொரு பிரதி யாரிடம் உள்ளது?